மூடிய அறைக்குள் தீ எப்படி நடந்துகொள்ளும்? மலை ஊர்த் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழியில் குன்னூர்ப் பக்கம் ஒரு லயன் வீட்டை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயந்திரம் ஆறு மணிக்கே கதவு சாத்தியாகிவிடும். ஜன்னல் இடுக்கில் பழைய துணி, கதவுக்கடியில் சாக்கு. குளிருக்காக அடைத்தது காற்றையும் சேர்த்தே தடுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஆளில்லாத நேரத்தில் தீப்பிடித்தால், ஓலைக்குடிசை மாதிரி கொழுந்துவிட்டு எரியாது. கொஞ்ச நேரம் எரியும், உள்ளே இருக்கிற காற்றைத் தின்று தீர்க்கும், அப்புறம் ஒடுங்கிவிடும். பார்ப்பவர்கள் அணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் வீடு முழுக்கச் சூடான புகை நிரம்பி, காற்று எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றை உள்ளே விடுவது பெரும்பாலும் கதவை உடைக்கிற நாம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு கதவு. உதைத்துத் திறந்தவர் எனக்கு மூத்தவர். திறந்ததும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நான்கு நொடி. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த புகை சட்டென்று உள்ளே போனது, யாரோ பெருமூச்சை இழுப்பது மாதிரி. அடுத்த நொடி வாசல் நிறையத் தீ வெளியே வந்தது. அவர் பக்கவாட்டில் விழுந்ததால் காதும் கையும் வெந்ததோடு தப்பித்தார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஹோஸ் விரிப்பது, ஏணி ஏறுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் கற்றிருந்தோம். தீயைப் படிக்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

தீயணைப்பு நிலையங்களில் பயிற்சி கொடுப்பவர்களுக்காகவும், தேயிலைத் தொழிற்சாலைகளில் சொந்தத் தீயணைப்புக் குழு வைத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு தடவைக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்.

முதல் படி: ஒரு மெழுகுவத்தி, ஒரு பெயிண்ட் டப்பா

கரும்பலகையில் தொடங்காதீர்கள். மேஜைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். நன்றாக எரிந்ததும் ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை மேலே எழும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் படாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். புகை வழியாகவே தீ இறங்கிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். இதை ஒவ்வொருவரும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். புகை என்றால் எரிந்து முடிந்ததன் கழிவு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்தை இந்த ஒரு நிமிடம் கலைத்துவிடும்.

அடுத்தது பெயிண்ட் டப்பா. மூடியில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே காய்ந்த விறகுச் சில்லுகளைப் போட்டு மூடி, திறந்தவெளியில் அடுப்பின்மேல் வையுங்கள். டப்பா காலியாக, சுத்தமாக இருக்க வேண்டும். ஓட்டை அடைபடவே கூடாது. சற்று நேரத்தில் ஓட்டை வழியாகப் புகை பீறிடும். அதில் நெருப்பைக் காட்டினால் விளக்கு மாதிரி எரியும். உள்ளே இருக்கிற விறகில் தீயே இல்லை, வெறும் சூடுதான். மரம் 200 டிகிரியைத் தாண்டி 300 டிகிரியை நெருங்கும்போது இப்படித் தன்னிடமிருந்து எரியும் வாயுவைக் கக்கும். ஓர் அறையில் சோபா, கட்டில், பீரோ, பலகைக் கூரை எல்லாமே தீ தொடாமலேயே இதைச் செய்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் சில எண்களை மனதில் ஏற்றிவிடுங்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 15-ஐ ஒட்டி இறங்கினால் சுடர் தள்ளாடி ஒடுங்கும், ஆனால் சூடும் வாயுவும் அப்படியே இருக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, காற்றில் 12.5 சதவீதத்திலிருந்து 74 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் எரியக்கூடியது. சமையல் எரிவாயுவுக்கு அந்த எல்லை சுமார் 2 முதல் 9 சதவீதம்தான். சிலிண்டரைக் கண்டால் பயப்படுகிற நாம் புகையைக் கண்டால் பயப்படுவதில்லை.

இரண்டாம் படி: பெட்டி வீடு

முழுப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவு குறைவு, பலன் அதிகம். 12 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பெட்டி அடியுங்கள். நடுவில் தடுப்பு வைத்தால் இரண்டு அறை. தடுப்பில் ஒரு வழி, முன்பக்கம் இழுத்து மூடக்கூடிய கதவு, பின்னால் ஒரு சின்ன ஜன்னல். கதவும் ஜன்னலும் நீளமான கம்பியால் தூரத்திலிருந்து திறந்து மூடும்படி இருக்கட்டும். பலகையே எரிபொருள் என்பதால் உள்ளே கொஞ்சம் விறகுச் சீவலும் காகிதமும் மட்டும் போதும். பெட்ரோல், டீசல், நுரைமெத்தை எதுவும் வேண்டாம்.

திறந்தவெளியில், காற்று அடிக்காத மறைவில் வையுங்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் முழு உடுப்பில், தண்ணீர் ஏற்றிய ஹோஸ் தயாராக. பார்ட்டிகிள் போர்டில் இருக்கும் பசையின் புகை கெடுதலானது. அதனால் புகை மேலே படாமல் காற்று வரும் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள், நெருங்கிப் போகிறவர் மூச்சுக் கருவி போட்டுக்கொள்ளட்டும். கதவுக்கு நேர் எதிரில் யாரும் நிற்கக் கூடாது.

ஒரு மூலையில் தீ வையுங்கள். சில நிமிடத்தில் புகை கூரையைத் தொட்டு, பக்கவாட்டில் பரவி, சுவரில் மோதிக் கீழே இறங்கத் தொடங்கும். கதவில் பார்த்தால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே புகை வெளியே போகும், கீழே காற்று உள்ளே வரும். அந்தக் கோட்டைக் காட்டுவதற்கு நான் ஊதுபத்தி பயன்படுத்துவேன். ஒரு நீளக் கம்பியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, பெட்டியின் கதவடியில் நீட்டுங்கள். அதன் புகை நூல் மாதிரி உள்ளே ஓடும். மெதுவாக உயர்த்துங்கள். ஓர் இடத்தில் நூல் தடுமாறி நிற்கும். இன்னும் உயர்த்தினால் வெளிப்பக்கம் திரும்பிவிடும். ஒரு தடவை ஒரு புதுப் பையன் முழங்காலில் உட்கார்ந்து இதையே ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். "சார், கதவு மூச்சு விடுது" என்றான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம் கூரையடியில் புகைக்குள்ளேயே தீ நாக்குகள் ஓடும். தரையில் போட்டிருக்கும் காகிதம், தீ படாமலேயே புகையத் தொடங்கும். சட்டென்று முழு அறையும் பற்றிக்கொள்ளும். அதுதான் ஃப்ளாஷ்ஓவர். நிஜ அறையில் கூரையடி வெப்பம் 500, 600 டிகிரியை எட்டும்போது நடப்பது. உள்ளே மாட்டியவர் எந்த உடுப்பு போட்டிருந்தாலும் அவருக்கு இருப்பது சில நொடிகள்தான்.

இப்போது கதவையும் ஜன்னலையும் மூடுங்கள். தீ ஒடுங்கும். இடுக்குகளில் புகை துடிப்பு மாதிரி வெளியே வந்து உள்ளே போகும். ஒன்று இரண்டு நிமிடம் பொறுங்கள். பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தூரத்திலிருந்து கதவைத் திறங்கள். காற்று உள்ளே ஓடும், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் பந்து மாதிரி தீ வெளியே பாயும். அது பேக்டிராஃப்ட். எல்லாத் தடவையும் வராது, வராவிட்டால் மறுபடி எரியவிட்டு மூடிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கேயே சொல்லிவிடுங்கள்: ஃப்ளாஷ்ஓவருக்குக் காரணம் சூடு ஏறியது, பேக்டிராஃப்டுக்குக் காரணம் காற்று வந்தது. முதலாவதைத் தடுக்கக் கூரையடியைக் குளிரவைக்க வேண்டும். இரண்டாவதைத் தடுக்கக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வயதான வீரர்கள் சிலர், "நாங்க இதெல்லாம் படிச்சா வந்தோம்?" என்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை ஆய்வுக்கூடம் இரண்டு வரவேற்பறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எரித்துப் பார்த்தது. பழைய மர, பருத்திச் சாமான்கள் இருந்த அறை ஃப்ளாஷ்ஓவருக்கு வர ஏறக்குறைய அரை மணி ஆனது. நுரையும் செயற்கை இழையும் உள்ள இன்றைய சாமான்கள் இருந்த அறை 4 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அவர்கள் பழகிய தீ வேறு. இப்போது தேயிலைத் தோட்ட வீட்டிலும் நுரைமெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்துவிட்டன.

மூன்றாம் படி: ஊரைச் சுற்றிப் பார்ப்பது

பெட்டியில் பார்த்ததை நிஜக் கட்டடத்தோடு ஒட்டவைக்க, ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். தீயில்லாத வீட்டைப் படிக்கத் தெரியாதவருக்குத் தீப்பிடித்த வீடு புரியாது.

லயன் வீடுகளில் ஒரே தகரக் கூரையின் கீழ் பல குடும்பங்கள். தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். பாதியில் நின்றால் ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டுக்கும் சொந்தம். பழைய பங்களாக்களில் பலகை மச்சு இருக்கும், அதற்கும் கூரைக்கும் நடுவே ஆள் தவழும் அளவுக்கு வெற்றிடம். கீழே அறை சுத்தமாகத் தெரியும்போதே மேலே தீ ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் உள்ளே போகும் முன் வாசலிலேயே மச்சில் ஒரு பலகையைக் கொக்கியால் இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மலைக்கே உரிய பெரிய ஆபத்து சரிவில் கட்டிய வீடுகள். மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி. கீழ் ரோட்டிலிருந்து பார்த்தால் மூன்று மாடி. வண்டி மேல் ரோட்டில் நிற்கும், நாம் வாசல் கதவைத் திறந்து உள்ளே போவோம். தீயோ இரண்டு மாடி கீழே. கீழே ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று அங்கே நுழைந்து, மாடிப்படி வழியாக நாம் நிற்கிற வாசலைத் தேடி வரும். புகைபோக்கிக்குள் நாமே தலையை விட்ட மாதிரி. ஆகவே சரிவு வீடு என்றால் ஒருவர் ஓடிப்போய்க் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் வரை மேல் கதவைத் திறக்கக் கூடாது. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தீ இருக்கும் மாடியின் வழியாகவே உள்ளே போங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்குத் தனி நாள் வேண்டும். மேல்மாடியில் இலை வாட்டும் நீண்ட தொட்டிகள், அவற்றுக்கடியில் விசிறிக் காற்று. கீழே ட்ரையர், அதற்குச் சூடான காற்று தரும் விறகு அடுப்பு. சலிக்கும் அறையில் உத்தரம், விளக்கு, மோட்டார் எல்லாவற்றின்மேலும் பஞ்சு மாதிரி தேயிலைத் தூசு. தீப்பிடித்தால் முதலில் நிறுத்த வேண்டியது விசிறிகளை. அவை ஓடும் வரை நாம் கதவைப் பிடித்து என்ன பயன்? சுவிட்ச் எங்கே என்று இரவுக் காவலாளிக்கும் தெரிய வேண்டும். தூசு படிந்த இடத்தில் தண்ணீரை வேகமாக அடித்தால் தூசு கிளம்பி அதுவே வெடிக்கலாம், மெல்லிய தூவலாகவே அடிக்க வேண்டும்.

புகையைப் படிக்கும்போது எவ்வளவு வருகிறது, எத்தனை வேகம், எத்தனை அடர்த்தி, என்ன நிறம் என்று இந்த வரிசையில் கேட்கப் பழக்குங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு, அதுதான் அதிகம் ஏமாற்றும். நம் ஊரில் மூடுபனி வேறு. கோத்தகிரியில் பனி இறங்கிய சாயந்திரம் எது புகை, எது பனி என்று பத்தடியில் தெரியாது. பனி காற்றோடு போகும், எதையும் தள்ளாது. சூடான புகை உள்ளிருந்து அழுத்தத்தோடு வரும், கூரை விளிம்பில் பிதுங்கும், சுருளும், சில சமயம் திரும்ப உள்ளே போகும். ஜன்னல் கண்ணாடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். உள்பக்கம் தார் பூசிய மாதிரி கறுப்பு, பழுப்பு நீர் வழிந்த தடம், சுடர் எதுவும் தெரியாது, கண்ணாடி சூடு. இது நான்கும் சேர்ந்தால் அந்த வீடு காற்றுக்காகக் காத்திருக்கிறது.

நான்காம் படி: கதவு

தீ இல்லாமல், ஸ்டேஷன் கதவிலேயே நூறு தடவை செய்ய வேண்டிய பயிற்சி இது. இரண்டு பேர். ஒருவர் கையில் கதவு, இன்னொருவர் கையில் பிராஞ்ச், அதாவது ஹோஸின் முனையில் தண்ணீர் அடிக்கும் குழல். இருவரும் முழங்காலில்.

முதலில் கதவில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். எந்த உயரத்துக்கு மேல் அது சட்டென்று ஆவியாகிறது என்று பாருங்கள், உள்ளே சூடான புகை அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் கதவின் மறைவில், உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் சுவரின் மறைவில் இருங்கள். பழைய வீடுகளின் இரட்டைக் கதவு ஒரு பக்கத்தைத் தொட்டால் இரண்டும் விரியும், அதனால் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டிப் பிடித்துக்கொள்வது நல்லது.

வாசலுக்கு மேலே இருக்கும் புகையில் ஒரு துளித் தூவல். கதவை ஒரு சாண் திற. உள்ளே மேல்நோக்கி இரண்டு சிறு தூவல். பார். மூடு. திறந்திருந்தது இரண்டு மூன்று நொடிதான். மூடிய பின் இருவரும் பார்த்ததைச் சொல்லிக்கொள்ள வேண்டும்: "புகை இடுப்பு வரைக்கும் இருக்கு, இடப்பக்கம் வெளிச்சம், காற்று வேகமா உள்ளே போகுது." சொல்ல முடியவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம், மறுபடி செய்யட்டும். உள்ளே போன பிறகும் ஹோஸ் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்திருக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வாசலில் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முதலில் வெட்டப்படுவது இந்த ஆள்தான். என்னைக் கேட்டால் கடைசியில் கூட வெட்டக் கூடாத ஆள் அவர்.

ஐந்தாம் படி: தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டர் நீராவி. அந்தச் சூட்டை உறிஞ்சும் சக்திதான் நம் ஆயுதம், அளவு மீறினால் நம்மையே வேகவைப்பதும் அதுதான். கூரையடிப் புகையைக் குளிரவைக்கத் துளி மிகச் சிறியதாக, சுமார் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். நாம் வழக்கமாகப் பிடிக்கும் ஷார்ட் பிராஞ்ச் கம்பி மாதிரி ஒரே தாரையாக அடிக்கும், அது புகையைக் கிழித்துக்கொண்டு சுவரில் போய் விழும். தூவலாக்கும் பிராஞ்ச் தேவை. அரை நொடி திற, மூடு. சுவரில் ஒரு வட்டம் வரைந்து, தூவல் அங்கே போய் முடிகிறதா என்று பழகலாம். சுவரிலிருந்து தண்ணீர் சொட்டினால் அதிகம்.

புகையைக் குளிரவைப்பது வழியைப் பாதுகாக்க மட்டுமே. தீயின் இடத்தைச் சேர்ந்ததும் எரியும் பொருளின்மேல் நேராக அடிக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தீ ஏற்கனவே வெளியே வந்துகொண்டிருந்தால், உள்ளே போகும் முன் வெளியிலிருந்தே நேர்த் தாரையாகக் கூரையைப் பார்த்துச் சில நொடி அடியுங்கள். ஜன்னல் முழுவதையும் மறைக்கும் தூவலாக அடிக்காதீர்கள், புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பும்.

பம்ப் இயக்குபவருக்கு ஒரு வார்த்தை. சமவெளியில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர்கள், குளத்திலோ தடுப்பணையிலோ சக்ஷன் ஹோஸ் போட்டுவிட்டுத் தண்ணீர் ஏறவில்லையே என்று திணறுவார்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரைக் கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல் தூக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது 8 மீட்டருக்கும் குறைவு. நடைமுறையில் இன்னும் குறையும். வண்டியைத் தண்ணீருக்கு எவ்வளவு அருகில் இறக்க முடியும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக் கருவியும் அப்படித்தான். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறும் ஆள் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேலும் இழுப்பார். அரை மணி கூட வராது. ஒவ்வொருவரும் தன் சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும் என்று உழைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். மூச்சுக் கருவியோ தூவல் பிராஞ்சோ இல்லாத ஸ்டேஷன் என்றால் உள்ளே போகும் பயிற்சியை விட்டுவிட்டு, கதவை மூடிவைத்து வெளியிலிருந்து அடிப்பதை நன்றாகப் பழகுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: நிஜத் தீ

1980-களில் சுவீடன் நாட்டுக்காரர்கள் கப்பல் கன்டெய்னருக்குள் பார்ட்டிகிள் போர்டை எரித்து, வீரர்களைத் தரையோடு உட்காரவைத்துப் புகை தலைக்குமேல் எரிவதைக் காட்டத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் இதுதான் வழி. வசதி இருந்தால் செய்யுங்கள், ஆனால் முதல் ஐந்து படியும் முடிக்காத ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். நீங்களும் கன்டெய்னரில் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

1982-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் ஊரில், பயிற்சிக்காக எரித்த பழைய கட்டடத்தில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் 1986-ல் நிஜத் தீப் பயிற்சிக்கென்றே அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1403 என்ற விதித்தொகுப்பு வந்தது. அதில் உள்ள சில விஷயங்கள் நமக்கும் கட்டாயம்: பாதிக்கப்பட்டவராக நடிக்க உயிருள்ள ஆளை உள்ளே வைக்கக் கூடாது. என்ன எரிகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு ஹோஸ், வேறொரு தண்ணீர் ஆதாரத்திலிருந்து, தயாராக இருக்க வேண்டும். நிறுத்து என்று சொல்ல மட்டுமே ஓர் அதிகாரி இருக்க வேண்டும். "இடிக்கப்போற வீடுதானே, எரிச்சுப் பாருங்க" என்று யாராவது பழைய பங்களாவைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நம் மலையில் ஜனவரி முதல் மழை வரும் வரை புல் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் காட்டு ஓரத்தில் நிஜத் தீப் பயிற்சி வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் வனத்துறையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கரித் தண்ணீர் ஓடையில் கலக்காத இடமாகப் பாருங்கள்.

முடிந்ததும் உடுப்பைக் கழுவ வேண்டும். தீயணைப்பு வேலையே புற்றுநோய்க்குக் காரணமாகும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் வகைப்படுத்தியிருக்கிறது. குளிருக்காகக் கரி படிந்த கோட்டைக் கழற்றாமல் வண்டிக் கேபினில் உட்கார்ந்து ஸ்டேஷன் வரைக்கும் வருவது நம்மிடம் சர்வசாதாரணம். வண்டியில் ஒரு கம்பளியும் கோட்டைப் போட ஒரு சாக்கும் வைத்துவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும்.

ஏழாம் படி: தீயே இல்லாத அறை

சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், விட்டுவிடாதீர்கள். குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் நம் ஊரிலும் கொடைக்கானலிலும் உண்டு. காலையில் கதவு தட்டினால் திறக்க மாட்டார்கள். புகையில்லை, வாசனையில்லை, ஆனால் அறை முழுக்கக் கார்பன் மோனாக்சைடு. மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே போகிறவர் அடுத்த நோயாளி. இங்கே மட்டும் கதவையும் ஜன்னலையும் முழுக்கத் திறந்துவிடலாம், காற்றுதான் மருந்து. ஆனால் திறக்கும் முன் கண்ணாடியையும் கதவையும் தொட்டுப் பார்த்து, உள்ளே தீ இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கடைசித் தேர்வு

எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. இருட்டிய பிறகு, முடிந்தால் பனி இறங்கிய இரவில், மறுபடி ஒரு பெட்டி வீட்டை எரித்து மூடிவைப்பேன். இந்தத் தடவை கதவுக் கம்பி என் கையில் இருக்காது, தேர்வு எழுதுகிறவர் கையில் இருக்கும். மற்றவர்கள் பேசக் கூடாது. அவர் பார்ப்பதை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது திறப்பது, திறப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

முன்பு ஊதுபத்தி பிடித்த அதே பையன் போன தடவை நின்றான். கதவை இரண்டு விரல் அளவு திறந்தான். வாசலில் தொங்கிய புகை உள்பக்கம் நகர்ந்தது. "இழுக்குது சார்" என்று சொல்லும்போதே கதவை மூடிவிட்டான்.